சோனியாவின் ஒரே நடை

எங்கள் ஆபீசில் சோனியா தண்ணீர் பிடிக்க எழுந்தால், அந்த வரிசையில் இருக்கிற எல்லாருடைய பாட்டிலும் அவளோடு கிளம்பும். போகிற வழியில் பிரிண்டரில் கிடக்கிற காகிதத்தை எடுப்பாள், ஏசியைக் குறைக்கச் சொல்வாள், ரிசப்ஷனில் யாருக்காவது பார்சல் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் இடம் இருக்காது. ஒரே ஒரு வேலைக்காக எழுந்து போவது அவளுக்குப் பிடிக்காது. நான் அப்படி இல்லை. டீக்கு ஒரு தடவை, அந்த டீயில் சர்க்கரை போதவில்லை என்று இன்னொரு தடவை போகிற ஆள். "அக்கா, உங்க காலுக்கு வாய் இருந்தா உங்களைக் கிழிகிழின்னு கிழிக்கும்" என்பாள்.

என் பெயர் வைஷ்ணவி. ஆம்பூர்க்காரி. எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கிற வேலை. அதாவது மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. "வீட்டுல சும்மா செய்யிறதை அங்க வேலையா செய்யிறே" என்பார் என் வீட்டுக்காரர். குறை சொல்லியே பழகிய வாய் இது. அந்த வாயாலேயே சொல்கிறேன், சோனியாவிடம் நான் பெரிய குறை எதையும் கண்டதில்லை. அதனால்தான் அன்றைக்கு நடந்தது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

ஒரே நடையில் எல்லாவற்றையும் முடிக்கிற பழக்கம் அவள் வீட்டிலிருந்து வந்தது. மர்ஃபி டவுனில் ஒரு குறுகலான கட்டடத்தின் மூன்றாவது மாடி. எதிரே ஓர் ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய படிக்கட்டு. கூடத்தில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கும். தண்ணீர்க் குழாய் கீழே, கடை கீழே, குப்பை கீழே. இறங்குகிறவர் வெறுங்கையோடு இறங்கக் கூடாது, ஏறுகிறவர் வெறுங்கையோடு ஏறக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். "கீழ போறியா, இரு" என்று அவள் அம்மா பாஞ்சாலி ஆரம்பித்தால், குப்பைக்கூடை, பால் பாத்திரம், தைக்கக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட் என்று ஒவ்வொன்றாக வந்து சேருமாம். பாஞ்சாலியம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. அப்பா அப்பாதுரை பெயின்டர். கன்டோன்மென்ட் பங்களாக்களில் பாதிக்கு அவர் கையால் சுண்ணாம்பு பட்டிருக்கிறது என்று சோனியா பெருமையாகச் சொல்வாள்.

அந்த அப்பாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. பல வருஷமாக இருந்த பிபியை அவர் கண்டுகொள்ளவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுவார்கள். நடுவில் ஒரு முறை தவறினாலே உடம்பில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், மூச்சு வாங்கும், இதயம் தடுமாறும். தண்ணீருக்கு அளவு உண்டு. பழத்தில் பொட்டாசியம் இருப்பதால் பெரும்பாலும் கூடாது, இளநீர் கூடவே கூடாது. மனுஷன் மூன்று மாடி இறங்கிப் போய், ரத்தம் முழுக்க வெளியே போய் வந்த களைப்போடு மறுபடி மூன்று மாடி ஏற வேண்டும்.

சோனியா எங்கள் கம்பெனிக்கு வந்ததே அந்த டயாலிசிஸ் சென்டர் வழியாகத்தான். யாருக்கு எந்த நாள், எந்தக் கட்டில், எந்த மிஷின் என்று முறை வைக்கிற சாஃப்ட்வேர் எங்களுடையது. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த திரையில் எங்கள் கம்பெனி பெயரைப் பார்த்துவிட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். அப்போது அவள் வேறோர் இடத்தில் கஸ்டமர் சப்போர்ட்டில் இருந்தாள். எங்களிடம் சேர்ந்து, படித்து, கோட் எழுதுகிற வேலைக்கே வந்துவிட்டாள். "எங்கப்பா படுக்கிற கட்டிலை நான்தான்க்கா ஒதுக்குறேன்" என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சென்டரிலிருந்து நோயாளிகளுக்குப் போகிற மெசேஜ் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. அப்பாதுரைக்குத் தமிழ் மட்டும் படிக்கத் தெரியும். அதனால் மெசேஜ் வந்ததும் போனை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஃபிராங்க்ளினிடம் போவார். ஃபிராங்க்ளின் மிலிட்டரி கேன்டீனில் இருந்து ரிட்டையர் ஆனவர். கண்ணாடி போட்டுப் படித்துச் சொல்வார். அதோடு விடமாட்டார், சென்டருக்கு ஒரு போன் போட்டு "இது நிஜம்தானா" என்று கேட்டுவிட்டுத்தான் நண்பரை அனுப்புவார். ஒரு தடவை ஃபிராங்க்ளின் ஊரில் இல்லாத நாளில் சென்டரில் தண்ணீர்ச் சுத்திகரிப்பு மிஷின் கெட்டுப்போய், இன்று வர வேண்டாம் என்று மெசேஜ் வந்தது. படிக்க ஆளில்லை. அப்பாதுரை இறங்கி, பஸ் பிடித்துப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருக்கிறார். மறுநாள் ஆபீசில் அதைச் சொல்லும்போது சோனியா அழுதாள்.

அன்றிலிருந்து மெசேஜைத் தமிழிலும் கன்னடத்திலும் அனுப்ப வேண்டும் என்று டீம் லீட் சுஹாஸின் உயிரை எடுத்தாள். நல்ல பையன், ஹாசன்காரன், ஆனால் எதைக் கேட்டாலும் "நோடோணா, பார்க்கலாம்" என்பான். கடைசியில் சம்மதித்தான். ஏஐ ஏஜென்ட் இருக்கிறதே, அதை வைத்துச் செய்துகொள் என்றான்.

கோட் எழுதுகிற ஏஜென்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு நான் தெரிந்தவரை சொல்கிறேன். அது தானாக எதையும் பார்க்காது, தொடாது. ஒரு ஃபைலைத் திறக்க வேண்டுமானாலும், ஒரு கட்டளையை ஓட்ட வேண்டுமானாலும் நம் கம்ப்யூட்டரிடம் கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் செய்து பதில் சொல்லும். அந்தப் பதிலைப் படித்துவிட்டு அடுத்ததைக் கேட்கும். இப்படி ஒவ்வொரு முறை கேட்பதையும் டூல் கால் என்போம். ஒன்றைக் கேட்டு, காத்திருந்து, யோசித்து, அடுத்ததைக் கேட்டு என்று போனால் சின்ன வேலைகூட இழுத்துக்கொண்டே போகும். நடுநடுவே இதைச் செய்யலாமா, அதைச் செய்யலாமா என்று நம்மிடமும் அனுமதி கேட்கும்.

சோனியா இதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "என்னக்கா இது, உப்புக்கு ஒரு வாட்டி, புளிக்கு ஒரு வாட்டி கடைக்குப் போயிட்டு வருது" என்றாள்.

அதற்கு வழி உண்டு. பல டூல் கால்களை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பச் சொல்லலாம். பதில்களும் கட்டாகத் திரும்பி வரும். ஏஜென்ட் வேலை தொடங்கும்போதெல்லாம் படிக்கிற குறிப்பு ஒன்று இருக்கும். அதில் சோனியா தமிழிலேயே எழுதினாள்: "ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாத வேலைகளை ஒரே நடையில் முடி." இதுக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டேன். "நம்ம ரெண்டு பேரைவிட நல்லா தெரியும்க்கா" என்றாள். ஓட்டிப் பார்த்தாள். பத்து ஃபைலை ஒன்றாகத் திறந்து, ஒன்றாகப் படித்து, நான் பாட்டில் மூடியைத் திருகி முடிப்பதற்குள் பதிலோடு நின்றது. எனக்கு நிஜமாகவே பக்கென்றது. இவ்வளவு வேகமாக ஒன்று வேலை செய்தால் அது செய்வதை யார் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டேன். குறை சொல்லிக் குறை சொல்லி எனக்கு எல்லாமே அப்படித்தான் தெரியும் என்று அதை விட்டுவிட்டேன்.

ஆபீசே அவள் வழிக்கு வந்தது. சுஹாஸ் மீட்டிங்கில் அவள் குறிப்பைத் திரையில் போட்டுக் காட்டினான். தமிழ் தெரியாத பையன்கள்கூட "ஒரே நடை" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஆனால் ஏஜென்ட் சில சமயம் பாதியில் திரும்பி வந்துகொண்டிருந்தது. இந்த வேலை அந்த வேலையின் பதிலைப் பொறுத்தது, அதனால் காத்திருக்கிறேன் என்று சொல்லும். சோனியாவுக்கு எரிச்சல். "எதை எடுத்தாலும் சம்பந்தம் இருக்குங்குதுக்கா. கல்யாண வீட்டு மாமா மாதிரி." ஒரு நாள் குறிப்பிலிருந்து முதல் பாதியை எடுத்துவிட்டாள். "எல்லா வேலையையும் ஒரே நடையில் முடி. பாதியில் திரும்பி வராதே" என்று மாற்றினாள். அது நம்மிடம் அனுமதி கேட்பதையும் நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் வாரக்கணக்கில் ஒரு கெடுதலும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைக்கு வியாழக்கிழமை. அப்பாதுரைக்கு மத்தியானம் டயாலிசிஸ். போன முறை மிஷினில் படுத்திருக்கும்போதே குளிர் ஜுரம் கண்டு பாதியில் நிறுத்திவிட்டார்கள். வியாழக்கிழமை முழுசாக ஓடியே ஆக வேண்டும், தவறவே கூடாது என்று சென்டர் நர்ஸ் பிரிஜெட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சோனியா காலையில் வந்து உட்கார்ந்ததுமே இதைத்தான் என்னிடம் சொன்னாள். அப்பாவின் கால் வீங்கியிருக்கிறது என்றும் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் பிரிஜெட்டிடமிருந்தே போன். சென்டர் திரையில் பாதிப் பேரின் பெயர் தெரியவில்லை என்றார். சோனியா தன் கம்ப்யூட்டரை லைவ் சிஸ்டத்தோடு, அதாவது நிஜ நோயாளிகள் இருக்கிற சிஸ்டத்தோடு இணைத்து, கோளாறைச் சரி செய்தாள். பிறகு, பாதியில் விட்டிருந்த தமிழ் மெசேஜுக்குத் திரும்பினாள். இணைப்பைத் துண்டிக்கவில்லை.

ஏஜென்டிடம் அவள் கொடுத்த வேலை மூன்று. முதலில் நாம் இருப்பது டெஸ்ட் சிஸ்டமா லைவ் சிஸ்டமா என்று பார். அடுத்து, ரத்து மெசேஜின் தமிழ் வாசகத்தை ஏற்று. கடைசியாக அதை மத்தியான ஷிஃப்டில் இருக்கிற எல்லாருக்கும் சோதனையாக அனுப்பி, எழுத்து உடையாமல் போகிறதா என்று பார். டெஸ்ட் சிஸ்டத்தில் இருக்கிற எண்கள் எல்லாம் பொய் எண்கள். அங்கே என்ன அனுப்பினாலும் யாருக்கும் போகாது. கவனியுங்கள், பார்க்கச் சொல்லித்தான் ஆரம்பித்தாள். அவள் கவனக்குறைவானவள் இல்லை.

வாசகத்தை அவளே எழுதியிருந்தாள். "வணக்கம். இன்று உங்கள் டயாலிசிஸ் ரத்து செய்யப்படுகிறது. அடுத்த நேரத்தைப் பிறகு சொல்கிறோம். நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம்." கடைசி வரி ஆங்கிலத்தில் கிடையாது. அப்பா மூன்று மாடி ஏறிய அன்றைக்காக அவள் சேர்த்தது.

என்டர் தட்டிவிட்டு என்னை டீக்கு இழுத்தாள். அதுதானே ஒரே நடையின் சுகம், நாம் அங்கே நிற்க வேண்டியதில்லை. ரோட்டுக்கு எதிரே இருக்கிற கடையில் நின்று நிதானமாகக் குடித்தோம். வரிசையில் இருந்தவர்கள் கேட்ட பஜ்ஜி, சிகரெட், போன் ரீசார்ஜ் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு மேலே வந்தோம்.

திரையில் மூன்று பச்சை டிக் இருந்தது. மூன்று வேலையும் முடிந்தது என்று எழுதியிருந்தது. அதன் கீழே இன்னொரு பத்தி. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன். "கவனிக்கவும்: முதல் வேலையின் பதில்படி நாம் இணைந்திருப்பது லைவ் சிஸ்டத்தோடு. மூன்றையும் ஒரே கட்டாக அனுப்பியதால், இந்தப் பதிலை நான் படிப்பதற்கு முன்பே மெசேஜ்கள் போய்விட்டன. காத்திருந்திருக்க வேண்டும். மன்னிக்கவும்."

நான் அதை இரண்டு தடவை படித்தேன்.  அது பொய் சொல்லவில்லை, மறைக்கவில்லை, சொன்னதைச் செய்யாமல் விடவும் இல்லை. பார்க்கச் சொன்னாள், பார்த்தது. பார்த்த கண் திரும்பி வருவதற்குள் கை அனுப்பிவிட்டது. இதைவிட மரியாதையாக ஒரு கொலைச் செய்தியை யாரும் சொல்லியிருக்க முடியாது என்று தோன்றியது. சோனியாவின் கையில் பஜ்ஜிப் பொட்டலம் அப்படியே இருந்தது. "அப்பா" என்றாள். 

நான்தான் சுஹாஸைக் கூப்பிட்டேன். "ஏனாயித்து, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தவன், திரையைப் படித்துவிட்டுப் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. முந்தைய மெசேஜ் தவறு, உடனே வாருங்கள் என்று எல்லாருக்கும் திருத்தம் அனுப்பினான். ஆனால் வர வேண்டாம் என்று படித்தவர்கள் போனை வைத்துவிட்டுப் படுத்திருந்தால்? அதனால் எண்களை ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டு எல்லாரும் ஒரே நேரத்தில் போன் போட்டோம். ஒருவருக்குச் சொல்வது இன்னொருவருக்குச் சொல்வதைப் பொறுத்தது இல்லை. இதுதான் சேர்த்துச் செய்ய வேண்டிய வேலை. சோனியா அழித்த அந்த முதல் பாதியின் அருமை எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என் பங்கில் ரத்தினம்மாள் என்று ஒரு பெரியவர். "சிரமப்பட்டு வர வேணாம்னு இவ்ளோ மரியாதையா போட்டிருந்தீங்களேம்மா. இத்தினி வருசத்துல யாரும் அப்படிச் சொன்னதில்ல. நிம்மதியா படுத்துட்டேன்" என்றார்.  ஆட்டோ பிடித்து வரச் சொல்லிவிட்டு வைத்தேன்.

சோனியா அப்பாவுக்குத்தான் முதலில் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அம்மா பள்ளிக்கூடத்தில், போன் கையில் இருக்காது. ஃபிராங்க்ளினுக்குப் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் சாவகாசமாக வந்தது.

"அப்பாதுரையா? கொஞ்சம் முன்னாடி மெசேஜைத் தூக்கிக்கினு வந்தான்மா. எப்பவும் என்னைத்தானே படிக்கச் சொல்லுவான், இன்னிக்கி அவனே எனக்குப் படிச்சுக் காட்டினான். அவ்ளோ சந்தோசம் அவனுக்கு. சென்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுர்றேன்டான்னேன். எம்பொண்ணு எழுதினதுடா இது, நீ இன்னாத்தக் கேக்கப்போறேன்னுட்டான்."

சோனியா கண்ணை மூடிக்கொண்டாள். "அங்கிள், அந்த மெசேஜ் தப்பு. அப்பா எங்க?"

"தப்பா? அவன் நல்ல சட்டையாப் போட்டுக்கினு இறங்கிட்டானேம்மா. கைல பை. ரொம்ப நாள் கழிச்சி வியாழக்கிழமை எனக்குக் கிடைச்சிருக்கு, நாலஞ்சு வேலை இருக்கு, ஒரே நடையா முடிச்சிட்டு வந்துர்றேன்னான். இரு, உள்ள போன் அடிக்கிற சத்தம் கேக்குது. சார்ஜ்ல போட்டுப் பூட்டிட்டுப் போயிட்டான் போல."

நான் என் போனிலிருந்து விடாமல் போட்டுக்கொண்டிருந்த அழைப்பு, பூட்டிய வீட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அதை ஃபிராங்க்ளின் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அதை நினைக்கும்போதெல்லாம் திடுக்கிடுகிறேன், இப்போதும்.

அடுத்து பிரிஜெட் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வர ஆரம்பித்துவிட்டார்கள், கட்டில் எல்லாம் தயார் என்றார். "உங்க அப்பா எங்க சோனியா? மத்தவங்க ஒருநாள் தள்ளினாக்கூடச் சமாளிக்கலாம். அவரை விட்டுடாதீங்க. போன தடவையே பாதிதான் ஓடிச்சு."

ஃபிராங்க்ளின் தேடக் கிளம்பினார். நானும் சோனியாவும் கேப் பிடித்தோம். மேம்பாலத்தில் பறந்த கார், சில்க் போர்டு சிக்னல் வந்ததும் நின்றுவிட்டது. அங்கே எப்போதும் நிற்கிறதுதான். அன்றைக்கு மட்டும் அந்த ஊரையே சபிக்கத் தோன்றியது. சோனியா காருக்குள் இருந்துகொண்டே மிச்சமிருந்த நோயாளிகளைக் கூப்பிட்டு, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, வரச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் நடுங்கவே இல்லை. எல்லாரையும் முடித்ததும் போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"முதல்ல பாருன்னு சொன்னேன்க்கா."

"சொன்ன."

"அதுவும் பார்த்துச்சுக்கா."

 அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். 

கன்டோன்மென்டை நெருங்கும்போது ஃபிராங்க்ளின் கூப்பிட்டார். தையல்காரர், மருந்துக்கடை, செருப்புத் தைப்பவர் என்று அப்பாதுரை போன வழியிலேயே கேட்டுக் கேட்டுப் போய், அல்சூர் மார்க்கெட்டில் பிடித்திருக்கிறார். பழைய பெயின்டர் கூட்டாளி ஒருவரின் பழக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தாராம். கூட்டாளி பாசத்தில் தர்பூசணி வெட்டிக் கொடுக்க, ஆசையில் மனுஷன் தட்டுத் தட்டாகச் சாப்பிட்டுவிட்டார். எழுந்திருக்கப் பார்த்தால் மூச்சு வரவில்லை. ஆட்டோவில் போட்டு சென்டருக்குக் கொண்டுபோய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். பின்னால் ஒரு மூச்சிரைப்பு கேட்டது. அது யாருடையது என்று சோனியா கேட்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவரை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தோம். ஆக்சிஜன் மாஸ்க், வீங்கிய முகம், நெஞ்சில் ஒயர்கள். டாக்டர் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மிஷின் ஓட ஆரம்பித்திருந்தது. பிரிஜெட் வெளியே வந்து, பொட்டாசியம் தாறுமாறாக ஏறிவிட்டது, இதயத் துடிப்பு தடுமாறுகிறது என்றார். "இன்னும் கொஞ்சம் லேட் ஆயிருந்தா" என்று தொடங்கி, சோனியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஃபிராங்க்ளின் பெஞ்சில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "நான் ஒரு போன் போட்டிருக்கணும். அவன் வேணான்னாலும் போட்டிருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தப்பும் செய்யாத மனிதர் அவர்.

அவர் பக்கத்தில் அப்பாதுரையின் பை இருந்தது. மாத்திரை அட்டைகள், பாஞ்சாலியம்மாவின் ஜாக்கெட், ஒரு பல்பு, அதற்கடியில் சோனியாவின் அறுந்த செருப்பு, புதிதாகத் தைத்தது. சோனியா அந்தச் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன்.

மிஷின் முழுசாக ஓடி முடிந்தபோது சாயங்காலம். அவர் பிழைத்துக்கொண்டார். உள்ளே விட்டார்கள். மாஸ்க்கை எடுத்திருந்தார்கள், குரல் மட்டும் மெலிந்திருந்தது. மகளைப் பார்த்ததும் குற்றம் செய்த பிள்ளை மாதிரி சிரித்தார். "தர்பூசணி துன்னிருக்கக் கூடாதும்மா. தப்பு என்னுதுதான்" என்றார்.

"இல்லப்பா. அந்த மெசேஜ் நான் அனுப்பலைப்பா. கம்ப்யூட்டர் அனுப்பிடுச்சு. நான் சரியா சொல்லாம விட்டுட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். புரியாத ஒன்றைக் கேட்டதைப் போல நெற்றியைச் சுருக்கினார். "உன் பேச்சு மாதிரியே இருந்துச்சேம்மா" என்றார். "சிரமப்பட்டு வர வேண்டாம்னு நீதான சொல்லுவே. அதான் நம்பிட்டேன்." அவர் சொன்னதில் கோபம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

அப்புறம் ஆபீசில் நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. சுஹாஸ் பழியைத் தன் தலையிலும் போட்டுக்கொண்டான். யாருடைய கம்ப்யூட்டரிலிருந்தும் லைவ் சிஸ்டத்துக்கு மெசேஜ் போகவே முடியாதபடி வழியை அடைத்தார்கள். சோனியா குறிப்பில் அந்த முதல் பாதியைத் திரும்ப எழுதினாள். கூடவே இன்னொரு வரி: "பதிலைப் படித்துவிட்டு அடுத்ததைச் செய். தாமதமானால் பரவாயில்லை." ஏஜென்ட் இப்போதும் வேகமாகத்தான் இருக்கிறது. படிக்கிற வேலையெல்லாம் ஒரே கட்டாகப் போகும். அனுப்புவது, அழிப்பது என்று வந்தால் நின்று கேட்கும். அது கேட்கும்போது சோனியா எரிச்சல்படுவதில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் இன்னும் எல்லாருடைய பாட்டிலையும் எடுத்துக்கொண்டுதான் போகிறாள். அது ரத்தத்திலேயே இருக்கிறது, போகாது.

தமிழ் மெசேஜ் ஒழுங்காக வெளியாகி எல்லாருக்கும் போகிறது. ரத்தினம்மாளுக்கும் போகிறது. அப்பாதுரைக்கும் போகிறது. அவர் அதைப் படிக்கிறார், ஆனால் நம்புவதில்லை. ஃபிராங்க்ளினிடமும் எடுத்துப் போவதில்லை. ஒவ்வொரு தடவையும் மகளுக்குத்தான் போன் போடுகிறார்.

போன வாரம் பெரிய மீட்டிங். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். சோனியா ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு எடுத்தாள். சுஹாஸ் வந்தவர்களைப் பார்த்துக் கை காட்டி, இருங்கள் என்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அவர் குரல் எனக்குக் கேட்டது.

"மெசேஜ் வந்திருக்கும்மா. இன்னிக்கி மத்தியானம் வரச் சொல்லியிருக்கு. போலாமா?"

"போங்கப்பா. நான் பார்த்துட்டேன். சரியா இருக்கு."

 சோனியா வைக்கப் போனாள். அப்போது அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நீதானம்மா பேசுறே?"